சிவப்பு நல்ல ரத்தமா?

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. எக்கோ (ஒலி அலையால் எடுக்கும் இதய ஸ்கேன்) எடுத்தபோது திரையில் சிவப்பும் நீலமும் ஓடின. சிவப்பு நல்ல ரத்தம், நீலம் கெட்ட ரத்தம்தானே? ரிப்போர்ட்டில் ‘அயோர்ட்டிக் வால்வு, வேகம் 4.2 மீ/நொடி’ என்றும் இருக்கிறது.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: வாரம் ஒருவராவது என்னிடம் இதைக் கேட்கிறார்கள். நிறத்துக்கும் ரத்தத்தின் சுத்தத்துக்கும் சம்பந்தமே இல்லையம்மா. கருவியை நோக்கி வருகிற ரத்தம் சிவப்பு, விலகிப் போவது நீலம். அவ்வளவுதான். கருவி அனுப்பும் ஒலி, ஓடும் ரத்த அணுக்களில் பட்டுத் திரும்பும்போது அதன் அதிர்வெண் மாறும். அந்த மாற்றத்தை வைத்து வேகம் கணக்கிடுகிறோம். ஆஸ்திரிய இயற்பியலாளர் டாப்ளர் 1842-ல் இந்த விதியைச் சொன்னது நட்சத்திரங்களுக்காக. இதயம் அவர் நினைப்பிலேயே இருந்திருக்காது!

இனி அந்த 4.2. இதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் வெளியேறும் வாசல்தான் அயோர்ட்டிக் வால்வு. சாதாரணமாக அங்கே ரத்தத்தின் வேகம் நொடிக்கு 1 மீட்டரை ஒட்டி இருக்கும். ஹோஸ் பைப் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீச்சுகிறதே, சுருங்கிய வால்விலும் அதே கதை. வேகத்தை அதாலேயே பெருக்கி, மேலும் 4-ஆல் பெருக்கினால் வால்வின் இரு பக்கத்துக்கும் உள்ள அழுத்த வித்தியாசம் வரும்: ஏறக்குறைய 70 மி.மீ. பாதரசம். 4 மீட்டரைத் தொட்டாலே கடுமையான சுருக்கம் என்போம்.

அப்பாவை இடப்பக்கம் சாய்த்து, கழுத்துக் குழியில்கூடக் கருவியை அழுத்திப் பார்த்தார்களா? கோபிக்காதீர்கள். ஒலிக்கதிர் ரத்தம் ஓடும் கோட்டிலேயே அமையாவிட்டால் வேகம் குறைவாகத்தான் காட்டும். சரி, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு இறுக்குகிறதா, மயக்கம் வந்ததா? எதுவும் இல்லை என்றாலும் இந்த வாரமே இதய மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள்.