தஞ்சாவூரில் பாட்டு எங்கே?

வணக்கம் அக்கா,

பரீட்சை லீவில் குடும்பத்தோடு இரண்டு நாள் தஞ்சாவூர், திருவையாறு போய் வந்தோம். மகள் மூன்று வருடமாக வீணை கற்கிறாள். அவளுக்காகத்தான் போனது. பெரிய கோயில், அரண்மனை எல்லாம் பார்த்தோம், தலையாட்டி பொம்மை வாங்கினோம். மத்தியானம் தியாகராஜர் சமாதிக்குப் போனோம், ஆள் அரவமே இல்லை. திரும்பும்போது நாமக்கல் தாண்டியதும் மகள் கேட்டாள்: "பாட்டு ஊருன்னு சொன்னியேம்மா, ஒரு பாட்டுகூடக் கேட்கலையே?" எனக்குப் பதில் தெரியவில்லை. அந்த ஊர் இசையெல்லாம் சென்னைக்குப் போய்விட்டதா? இன்னொன்று, இந்தக் கோடையில் அவள் வீணையில் பஞ்சமம், அதாவது 'ப' சுரம், சரியாக நிற்கவில்லை என்கிறார் டீச்சர். யாரிடம் காட்டுவது?

ம., அம்மாபேட்டை, சேலம்

அன்புள்ள ம.,

உங்கள் மகள் கேட்டது நியாயமான கேள்வி. நானும் முதல் தடவை ஒரு மே மாத மத்தியானம் திருவையாற்றில் இறங்கி, படித்துறையில் உட்கார்ந்து, தண்ணீர் இல்லாத காவிரியைப் பார்த்துவிட்டு, ஒன்றும் புரியாமல் பஸ் ஏறியவள்தான்.

நீங்கள் அம்மாபேட்டைக்காரர். சேலத்து வெண்பட்டைத் தேடி வெளியூர்க்காரர் ஒருவர் உங்கள் தெருவுக்கு வந்தால் அவர் கண்ணுக்கு என்ன தெரியும்? சாத்திய கதவு, திண்ணை, வாசலில் ஒரு வண்டி. தறி உள்ளே குழியில் இருக்கிறது. நாடா ஓடும் சத்தம் காதில் விழுந்து, "உள்ளே வந்து பார்க்கலாமா" என்று அவர் கேட்டால்தான் உண்டு. தஞ்சாவூரும் அப்படித்தான். நீங்கள் தெருவோடு வந்துவிட்டீர்கள்.

சென்னைக்குப் போய்விட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி போனது உண்மை. 1855-இல் மராட்டிய அரசர் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார், கம்பெனி அரசு அரண்மனையை எடுத்துக்கொண்டது. ஆதரித்த கை போன பிறகு வித்வான்கள் மைசூருக்கும் சென்னைக்கும் பிழைப்புத் தேடிப் போனார்கள். கச்சேரி மேடை போயிற்று. மரமும் உளியும் போகவில்லை. என்னைக் கேட்டால் உங்கள் மகள் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

சில வருடங்களுக்கு முன் தஞ்சாவூரில் ஒரு வீணைப் பட்டறையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம். வீணையின் அடியில் வரும் உருண்டைக் குடம், குடைந்த கோலத்தில் மஞ்சளாக, இன்னும் மரவாசனையோடு மூலையில் கிடந்தது. பெரியவர் ஒருவர் மேளம் கட்டிக்கொண்டிருந்தார். வீணையில் தந்திக்குக் கீழே குறுக்கே நிற்கும் கம்பிகள்தான் மெட்டுகள்; அவற்றைச் சுருதிக்கு நிறுத்துவதை அப்படித்தான் சொல்கிறார்கள். தண்டியின், அதாவது வீணையின் நீண்ட கழுத்தின், இரண்டு ஓரத்திலும் கறுப்பு மெழுகு. தேன்மெழுகில் குங்கிலியமும் கரித்தூளும் சேர்த்துக் காய்ச்சியது. அது இளகியிருக்கும்போதே வெண்கல மெட்டை வைத்து, தந்தியை அழுத்தி மீட்டினார். மயிரிழை அளவு தள்ளினார். மறுபடி மீட்டினார். சுருதி காட்டும் கருவி எதுவும் பக்கத்தில் இல்லை. ஏழாவது மெட்டுக்கு வந்ததும் இரண்டாவது தந்தியையும் சேர்த்து மீட்ட ஆரம்பித்தார். சாரணி என்கிற முதல் தந்தியில் ஏழாவது மெட்டுதான் பஞ்சமம், இரண்டாவது தந்தி அதன் கீழ்ப் பஞ்சமம். இரண்டு ஒலியும் ஒன்றுக்குள் ஒன்று கரையும் வரை அவர் விடவில்லை. அப்படி 24 மெட்டு. நடுவில் டீ வந்தது, ஆறிப்போனது.

அன்று நான் கேட்டதுதான் தஞ்சாவூர்ப் பாட்டு என்று இன்றும் நினைக்கிறேன். தஞ்சாவூர் வீணைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் அந்தப் பெரியவரின் காதை அடுத்து யார் வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்ற கவலை எனக்கு நிஜமாகவே உண்டு. உங்கள் மகள் மாதிரிப் பிள்ளைகள் பட்டறையில் வந்து உட்கார்ந்தால் அங்கே வேலை செய்கிறவர்கள் சந்தோஷப்படுவார்கள்.

பெரிய கோயில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அங்கேயும் பாட்டு இருக்கிறது, கல்லில். கோயிலில் திருப்பதிகம் பாட 48 பேர், அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டிமத்தளத்துக்கு ஒருவர், ஆக 50 பேரை ராஜராஜன் நியமித்ததும், தினம் ஒவ்வொருவருக்கும் முக்குறுணி நெல் என்பதும் கல்வெட்டில் இருக்கின்றன. கோயிலில் ஆடிய 400 தளிச்சேரிப் பெண்களின் பெயரும், அவர்கள் தெருவில் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீட்டில் இருந்தார்கள் என்பதும் வெட்டப்பட்டிருக்கின்றன. ஆயிரம் வருடத்துக்கு முந்தைய ஒரு பாடகருக்கு எவ்வளவு நெல் கிடைத்தது என்று தெரிந்த பிறகு அந்தச் சுவரைப் பார்க்கிற பார்வையே வேறு.

மேல வீதிக்குப் போனீர்களா? பங்காரு காமாட்சியம்மன் கோயில் அங்கேதான். சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான சியாமா சாஸ்திரி பாடியது அந்த அம்மனை. சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு என்ற நால்வரின் வீடும் அதே வீதிதான். இன்றைய பரதநாட்டியக் கச்சேரி அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடிகிறதே, அந்த வரிசையை அமைத்தவர்கள் அவர்கள். வடிவேலு திருவனந்தபுரம் அரண்மனைக்கு வயலின் வாசிக்கப் போனவர். மராட்டிய அரசர் சரபோஜி அவையில் வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்தவக் கீர்த்தனைகள் பாடினார். ஒரே ஊர், ஏறக்குறைய ஒரே காலம்.

திருவையாற்றுக்குத் திரும்ப ஒருமுறை போங்கள். லீவு நாளில் வேண்டாம். அங்கே அரசு இசைக் கல்லூரி இருக்கிறது, வேலை நாளில் போனால் பிள்ளைகளின் பாட்டுப் பயிற்சி காதில் விழும். விடிகாலையில் சமாதிக்குப் போங்கள். தியாகராஜர் 1847-இல் மறைந்தார். அந்த இடம் கவனிப்பில்லாமல் கிடந்தபோது தன் சொத்தைச் செலவழித்துக் கோயிலாகக் கட்டியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தாசி குலத்தில் பிறந்தவர். அவர் கட்டிய இடத்தில் ஆராதனையின்போது பெண்கள் பாடக் கூடாது என்றிருந்தார்கள். அவர் பெண்களைச் சேர்த்துத் தனியாக ஆராதனை நடத்தினார். தனித்தனியாக ஆராதனை நடத்தியவர்கள் 1940-களின் தொடக்கத்தில்தான் ஒன்றானார்கள். சமாதிக்கு எதிரே அவருக்கும் நினைவிடம் இருக்கிறது, பலர் திரும்பிப் பார்க்காமல் போகிறார்கள். உங்கள் மகளை அங்கே ஒரு நிமிடம் நிற்க வையுங்கள்.

தை மாதம் தேய்பிறைப் பஞ்சமியன்று ஆராதனை. நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்து ராகத்தில் பஞ்சரத்தினக் கீர்த்தனைகளை நூற்றுக்கணக்கானவர்கள் தரையில் உட்கார்ந்து ஒன்றாகப் பாடுவார்கள். பெயர் பெற்ற வித்வானுக்குப் பின்னால் யாரோ ஒரு பாட்டி நோட்டைப் பிரித்துவைத்துக்கொண்டு பாடுவார். கூட்டம் அதிகம்தான், ஆனாலும் ஒரு தடவையாவது அந்தக் கூட்டத்துக்குள் இருக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் ஓடினால் மகளிடம் சொல்லுங்கள், அது நம் மேட்டூரிலிருந்து போன தண்ணீர்.

சரி, பஞ்சமத்துக்கு வருகிறேன். டீச்சர் சொன்னது சரியாகத்தான் இருக்கும். நம் சேலத்து வெயிலில் மெழுகு இளகினால் மெட்டு நகர்ந்துவிடும், ஏழாவது மெட்டு நகர்ந்தால் பஞ்சமம் கலையும். நீங்களே அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். இங்கே யாரிடமும் கொடுக்கவும் வேண்டாம். அடுத்த தடவை தஞ்சாவூர் போகும்போது வீணையைக் கையோடு எடுத்துப் போங்கள். பட்டறைக்குள் நுழைய அதைவிட நல்ல காரணம் கிடையாது. ஒரு நாள் முன்னாடியே போனில் கேட்டுவிட்டு, காலையிலேயே போய் மகளைப் பெரியவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். காரில் போனால் டிக்கியில் வைக்காதீர்கள், பின் சீட்டில் குடத்துக்குக் கீழே தலையணை கொடுத்துப் படுக்க வையுங்கள். வழியில் சாப்பிட நிறுத்தினால் வெயிலில் வண்டியைப் பூட்டிவிட்டு எல்லோரும் இறங்கிவிட வேண்டாம்.