ஹாட்ச் மூடியில ஸ்க்ரூ நிக்க மாட்டேங்குதா? மூடிய மாத்தாதீங்க

செம்பூர்ல இருந்து ஒருத்தர் கேட்டிருக்கார். நாலு ஃப்ரெண்ட்ஸ் சேந்து வாங்கின பழைய ஃபைபர் போட், முன்பக்க ஹாட்ச், அதாவது மேல்தளத்துல இருக்கற திறப்போட மூடி, 12 எம்.எம். பிளைவுட், கீல் ஸ்க்ரூ எல்லாம் மரை போயி வெறும் விரலாலயே சுத்த வருதாம். மிஸ்திரி ஒருத்தர் தீக்குச்சிய ஃபெவிகால்ல முக்கி உள்ள சொருகி முறுக்கிக் குடுத்தாராம், ரெண்டு வாரம் தாங்கிச்சாம். இப்ப படகுத்துறைல ஒரு ஏஜென்ட் மூடியே போச்சு, புதுசுக்கு 18 ஆயிரம் ஆகும்ங்கறாராம். மாத்தத்தான் வேணுமா?

வேண்டாம் சார். அந்த ஏஜென்ட் மூடிய ஒரு தடவ தட்டியாவது பாத்தாரா? ஒரு ஸ்க்ரூவ கழட்டி வெளிச்சத்துல பாருங்க. மரை இடுக்குல கறுப்பா, ஈரமா, பஞ்சு மாதிரி நார் ஒட்டியிருக்கும். ஓட்டை பெருசானது ரெண்டாவது விஷயம்தான், ஸ்க்ரூ வழியா தண்ணி இறங்கி ஓட்டைய சுத்தி மரம் ஊறிப்போச்சு, அதான் வியாதி. ஊறின மரத்துல எத்தன தடவ புதுசா முறுக்கினாலும் பிடிக்காது. தீக்குச்சி வித்தை வீட்டு அலமாரிக்கு சரி, போட்ல அந்தக் குச்சியும் தண்ணி குடிக்கும், வெள்ளை ஃபெவிகாலும் தண்ணி பட்டா கொழகொழன்னு ஆயிடும்.

இப்ப ஸ்க்ரூட்ரைவர் முனையால ஓட்டைய சுத்தி குத்திப் பாருங்க. ரெண்டு விரக்கடை தள்ளியும் பொதக்குன்னு இறங்கினா, இல்ல ஓரத்துல லேயர் பிரிஞ்சிருந்தா, அப்ப மட்டும் ஏஜென்ட் சொன்னது சரி.

மரம் கெட்டியா இருந்தா மூடிய கழட்டி வீட்டுக்கு கொண்டுவந்துடுங்க. ஃபேனுக்கு அடியில ஒரு வாரம். மும்பை மழைக்காலத்துல இதுக்கு அவசரப்பட்டா நடக்காது. ஓட்டை மேல ஒரு பாலிதீன் துண்ட நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ராத்திரி விடுங்க, காலையில உள்பக்கம் வேர்த்திருந்தா இன்னும் காயல.

காஞ்சதும் ஓட்டைய பெருசு பண்ணணும். பயப்படாதீங்க, எட்டாம் நம்பர் ஸ்க்ரூவா இருந்தா 9 இல்ல 10 எம்.எம். பிட்டு, கறுத்த மரம் எல்லாம் வெளிய வந்துடணும். அடிப்பக்கம் டேப் ஒட்டிடுங்க. ரெண்டு டப்பாவ சேத்துக் கலக்கற எபாக்ஸி பசைல மெதுவா இறுகற, அதாவது 24 மணி நேர வகைய கலந்து முதல்ல தண்ணியா ஒரு கோட்டு காது குடையற பட்ஸால ஓட்டைக்குள்ள சுவரெல்லாம் தடவுங்க, மரம் குடிக்கட்டும். அப்புறம் மிச்சத்துல நைசான மரத்தூள் போட்டு கெட்டித் துவையல் பதத்துக்கு கொண்டுவந்து, மெடிக்கல் ஷாப் சிரிஞ்சுல ஊசிய எடுத்துட்டு, அடியில இருந்து மேல வர்ற மாதிரி நிரப்புங்க, காத்து மாட்டக்கூடாது. மறுநாள் தேச்சு மட்டம் பண்ணி, நடுவுல 3 எம்.எம். ஓட்டை போட்டு ஸ்க்ரூவ கையாலயே முறுக்குங்க. அவ்ளோதான் வேலை.

அஞ்சு நிமிஷ எபாக்ஸி வேண்டாம், ஈரத்துல அதுக்கு அந்த அளவு தாக்குப்பிடிக்கத் தெரியாது. பைப் லீக்குக்கு வைக்கற பிசைஞ்ச புட்டியும் வேண்டாம், மரத்துக்குள்ள ஊறாது, ஒரு நாள் ஸ்க்ரூவோட சேந்து பல்லு மாதிரி கழண்டு வரும். ஃபைபர் வேலை பண்றவங்க இருக்கற பாலியெஸ்டர் ரெசின கொஞ்சம் ஊத்தித் தரேன்னு சொல்வாங்க. அது மரத்துல எபாக்ஸி மாதிரி ஒட்டாது, ஆனா அவங்ககிட்ட டின்னு டின்னா இருக்கு, அதான் காரணம்.

ஒரே ஒரு விஷயத்துல நான் வேற மாதிரி சொல்வேன். மூடியோட அடிப்பக்கம் கை போகுமா? போகும்னா ஸ்க்ரூவே வேண்டாம், போல்ட்டு போடுங்க. கீல்ங்கறது சும்மா ஒட்டிட்டு இருக்கற சாமான் இல்ல, மூடி காத்துல படார்னு திறந்து பின்னாடி அடிக்கறப்ப மொத்த வெயிட்டும் நாலு ஸ்க்ரூவ பிடுங்கப் பாக்குது, 12 எம்.எம். பிளைவுட்டுக்குள்ள ஸ்க்ரூ பிடிக்கற ஆழம் எவ்ளோ இருந்துடப் போகுது. போல்ட்டுன்னாலும் முன்னாடி சொன்ன எபாக்ஸி வேலைய விட்டுடாதீங்க, எபாக்ஸி நடுவுலதான் போல்ட்டு போகணும், மரத்தத் தொடவே கூடாது. அடியில அகலமான வாஷர், இல்ல ஒரு சின்ன ஸ்டீல் தகடு, அதுக்குமேல நைலாக் நட்டு, உள்ள நைலான் வளையம் இருக்கறதால தானா லூசாகாது. தகடு இல்லாம நட்ட மட்டும் இறுக்கினா அது மரத்துக்குள்ள புதையும், ரெண்டு மாசத்துல திரும்ப லூசு, அப்புறம் போல்ட்டும் சரியில்லன்னு எனக்கு எழுதுவீங்க.

கீலுக்கு அடியில பாலியூரிதீன் சீலன்ட் தடவுங்க. புளிப்பு வாசனை வர்ற பாத்ரூம் சிலிகான் வேண்டாம், அத ஒரு தடவ பூசிட்டா பிறகு எதுவும் அங்க ஒட்டாது.

ஸ்க்ரூ வாங்க நாக்தேவி ஸ்ட்ரீட் போவீங்க. 316 கேளுங்க, அது உப்புத்தண்ணி தாங்கற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வகை. கடைக்காரர் உடனே காந்தத்த எடுத்து, பாருங்க ஒட்டல, அசல் 316ங்கறார். சாதா 304 ஸ்டீலும், மட்டமான 202ம் பெரும்பாலும் ஒட்டாது, காந்தம் ஒண்ணையும் நிரூபிக்காது. வித்தியாசம் உள்ள இருக்கற ரெண்டு மூணு சதவீத மாலிப்டினம், அது கண்ணுக்குத் தெரியாது. பில்லுல 316ன்னு எழுதிக் குடுங்கன்னு சொல்லுங்க, தயங்கினா அடுத்த கடை. எனக்கே ஒரு தடவ பெட்டியில 316ன்னு அச்சடிச்சு குடுத்தாங்க, ஒரே சீசன்ல துரு டீக்கறை மாதிரி வழிஞ்சுது.

புது மூடின்னு சொல்ற ஏஜென்ட்கிட்ட என்ன பிளைவுட்டுன்னு கேளுங்க. மரைன் பிளைவுட்டுன்னு சொல்வார். ஐ.எஸ். 710ங்கற இந்தியத் தர முத்திரை, அதுகூட சி.எம்./எல்.ங்கற லைசென்ஸ் நம்பர் இருக்கணும், அத பி.ஐ.எஸ். கேர் ஆப்புல போட்டுப் பாக்கலாம். முத்திரைய அடிக்கறவன் அடிச்சுட்டே இருப்பான், வாங்கறவன் வெயில்ல நின்னு போன்ல நம்பர் தட்டணும், இது என்ன ஏற்பாடோ. 72 மணி நேரம் கொதிக்க வச்சு சோதிக்கற பலகைக்குத்தான் அந்த ஐ.எஸ். 710, கடையில மரைன்னு பேர் வச்சதுக்கெல்லாம் இல்ல.

அந்த ஏஜென்ட் திரும்ப போன் பண்ணா, மூடி வீட்ல ஃபேனுக்கு அடியில கெடக்குன்னு சொல்லுங்க.