கருத்தடைக் குளிசைகளில் எது எதற்கு?

கருத்தடைக் குளிசை எல்லாம் ஒன்றுதானா? இல்லை. கூட்டுக் குளிசையில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்று இரண்டு ஹோர்மோன்கள் இருக்கும், அவை முட்டை வெளியாவதையே நிறுத்திவிடும், அம்பாறைப் பக்கம் குளத்துக் கதவைப் பூட்டினால் வயலுக்குத் தண்ணீர் வராத மாதிரி. மாதவிடாய் வலியும் இரத்தப்போக்கும் குறைவது மேலதிக லாபம். ஆனால் உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஒத்துவராது.

ஒற்றை ஹோர்மோன் குளிசை பெரும்பாலும் கர்ப்பப்பை வாய்ச் சளியைத் தடிப்பாக்கி விந்தணுவை மறிக்கும், வாய்க்காலுக்குள் மண் போட்டு அடைக்கிற வேலை. பால் கொடுக்கிற தாய்மாருக்கு இதுதான் தோது, ஆனால் பழைய வகையை 3 மணித்தியாலம் பிந்திப் போட்டாலே பாதுகாப்புக் குறையும் (போனில் அலாரம் வைத்துவிடுங்கள்).

அவசரக் குளிசை பாதுகாப்பில்லாமல் உறவு கொண்ட பிறகு 72 மணித்தியாலத்துக்குள் போடுவது, தினசரிப் பாவனைக்கு இல்லை.

அப்புறம், தொடர்ந்து குளிசை போட்டால் பிறகு பிள்ளை தங்காது என்று ஊரில் சொல்வது பிழை, நிறுத்தினால் கருத்தரிக்கலாம்.