அரசவால் ஈப்பிடிப்பான் பறவையில் வெள்ளையும் செம்பழுப்பும் ஆண், பெண் சோடியா?

இல்லை. நீளவால் இருந்தால் இரண்டுமே ஆண்தான். ஒரே வாரத்தில் இரண்டு நிறத்தையும் பார்த்துவிட்டு, வெள்ளை மாப்பிள்ளை, சிவப்பு பெண் என்று முடிவு கட்டியிருப்பீர்கள். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன், அதனால் சிரிக்கமாட்டேன்.

பெண்ணுக்கு வால் குட்டை, முதுகு செம்பழுப்பு. இளம் ஆணும் இரண்டு மூன்று வயது வரை ஏறக்குறைய அப்படியே இருக்கும். அதனால் குட்டை வாலை மட்டும் வைத்துப் பெண் என்று நம்பாதீர்கள், தொண்டையைப் பாருங்கள். ஆணுக்குக் கறுப்பு, பெண்ணுக்குச் சாம்பல்.

இதைச் சொல்லித்தான் ஒருமுறை அவமானப்பட்டேன். தாழ்ந்த கிளை நுனியில், சிலந்தி நூல் சுற்றிய கிண்ணம் போல ஒரு கூடு. அதில் செம்பழுப்புப் பறவை ஒன்று அடைகாத்தது. வால் வெளியே நாடா மாதிரி தொங்கியது. ஆண் என்றேன். கூட வந்த மூத்தவர், "ஆண் எங்கேயாவது அடைகாக்குமா? போட்டோ இருக்கா?" என்றார். என்னிடம் பைனாகுலர் மட்டும்தான். மறுநாள் குட்டைவால், சாம்பல் தொண்டையோடு இன்னொன்று வந்து உட்கார, நீளவால் எழுந்து போனது. இந்த இனத்தில் இரண்டும் முறை போட்டு அடைகாக்கும். அவரிடம் சொன்னேன். "வெளிச்சம் ஏமாற்றியிருக்கும்" என்றார். சரி, விடுங்கள்.

நான் ஒன்றும் பறவையியல் படித்தவனில்லை. 'இலங்கையில் வெள்ளையே இல்லையா?' என்று யாராவது வருவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அங்கேயே தங்கும் துணையினத்தில் வெள்ளை ஆண் கிடையாது. அங்கே தெரியும் வெள்ளை, குளிர்காலத்தில் இந்தியாவிலிருந்து போகும் விருந்தாளி. டெர்ப்சிஃபோன் என்ற இந்தப் பேரினத்தில் நிறத்தை வைத்துப் பொதுவிதி போடவே முடியாது. சீஷெல்ஸ் தீவுகளில் இருக்கும் இனத்தில் ஆண் முழுக்கக் கறுப்பு. பெயரில் ஈப்பிடிப்பான் என்றாலும் இவை வழக்கமான ஈப்பிடிப்பான் குடும்பமும் இல்லை, மோனார்க்கிடே என்ற வேறு குடும்பம். உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் வைக்கும் முறையை வகுத்த லின்னேயஸே 1758இல் நம் பறவையைக் காக்கையோடு சேர்த்தவர்தான். எனவே குழம்பியதற்கு வெட்கப்படாதீர்கள்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. லென்ஸ் நீளத்தை வைத்துத்தான் இப்போது பேச்சுக்கு மரியாதை. அந்தக் கூட்டை மறைத்த இலைகளை, படம் தெளிவாக வரவேண்டும் என்று யாரோ கிள்ளிப் போட்டிருந்தார்கள். அதற்கு அடுத்த நாள் போனேன். கிண்ணம் காலி.