‘கடல் கடந்து அச்சிடப்பட்டது’ என்ற முகப்பு வரியை நம்பலாமா?

கேள்வி: முதுகலை ஆய்வேட்டுக்காக, பிஷப்புகளின் உலகியல் அதிகாரத்தைத் தாக்கி இங்கிலாந்தின் பியூரிட்டன்கள் (திருச்சபையை மேலும் சீர்திருத்தக் கோரிய புராட்டஸ்டன்ட்டுகள்) வெளியிட்ட துண்டுப்பிரசுரங்களைப் படித்து வருகிறேன். ‘மார்ட்டின் மார்பிரலேட்’ என்ற பெயரில் 1588இல் வந்த முதல் பிரசுரத்தின் முகப்பில், ‘கடல் கடந்து, ஐரோப்பாவில், வாட்டசாட்டமான பாதிரியார் ஒருவரிடமிருந்து இரண்டு பர்லாங் தூரத்துக்குள் அச்சிடப்பட்டது’ என்று இருக்கிறது. பதிப்பிடமாக எதைக் குறிப்பது? ஆசிரியர் யார் என்று எழுதுவது? இவை பிஷப்புகளின் செல்வச் செழிப்பைத் தாக்கியவை என்று சுருக்கிச் சொல்லலாமா?

பதில்: முகப்பில் உள்ளதை மேற்கோள் குறிக்குள் அப்படியே தந்துவிட்டு, அதன் அருகே சதுர அடைப்புக்குறிக்குள் ‘கிழக்கு மோல்சி, சர்ரே’ என்று உண்மையான இடத்தைக் குறிப்பிடுங்கள். லண்டனிலிருந்து தேம்ஸ் ஆற்றின் மேல்புறத்தில் உள்ள அந்த ஊரில், எலிசபெத் கிரேன் என்ற பெண்மணியின் வீட்டில், ராபர்ட் வால்டிகிரேவ் என்ற அச்சகர் 1588 அக்டோபரில் அதை ரகசியமாக அச்சிட்டார். அந்த முகப்பு வரியைப் பொய் என்று ஒதுக்கிவிடாதீர்கள்; உங்கள் மூன்றாவது கேள்விக்கான விடை அதற்குள்தான் இருக்கிறது.

அரச ஆலோசகர்கள் அமர்ந்த ஸ்டார் சேம்பர் நீதிமன்றம் 1586இல் பிறப்பித்த ஆணையின்படி, லண்டனுக்கு வெளியே ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் தலா ஓர் அச்சு இயந்திரம் மட்டுமே இருக்கலாம். நூல்களை கேன்டர்பரி ஆர்ச்பிஷப்போ (தலைமை பிஷப்) லண்டன் பிஷப்போ பார்த்து ஒப்புதல் தந்த பிறகே அச்சிடலாம். அதாவது, பிஷப்புகளைக் குறைகூறும் நூலுக்கு பிஷப்புகளிடமே போய் அனுமதி கேட்க வேண்டும். ஜான் யூடல் என்ற பியூரிட்டன் போதகர் எழுதிய நூலை அச்சிட்டதற்காக 1588 ஏப்ரலில் வால்டிகிரேவின் அச்சகத்தை அதிகாரிகள் சூறையாடியிருந்தார்கள். எனவே, ஊர்ப் பெயரை மறைத்து விளையாடும் அந்த வரி வெறும் குறும்பு அன்று. பிரசுரம் எந்த அதிகாரத்தைத் தாக்குகிறதோ, அதன் கை அச்சுக்கூடம் வரை நீண்டிருந்தது என்பதற்கு அதுவே சான்று.

அச்சு இயந்திரம் ஓரிடத்திலும் நிலைக்கவில்லை. நார்த்தாம்டன்ஷயரில் ஃபாஸ்லி மாளிகை, பிறகு காவென்ட்ரி, பிறகு உல்ஸ்டன் என்று மாறிமாறிச் சென்று, 1589 ஆகஸ்டில் மான்செஸ்டர் அருகே பிடிபட்டது. அதன் பிறகும் ஒரு பிரசுரம் வந்தது. ஆக, மார்ட்டின் பெயரில் கிடைத்துள்ள ஏழு பிரசுரங்களுக்கும் ஒரே பதிப்பிடம் போடுவது பிழையாகும்.

ஆசிரியர் பெயராக ‘மார்ட்டின் மார்பிரலேட் (புனைபெயர்)’ என்றே எழுதுங்கள். வாரிக்ஷயரைச் சேர்ந்த ஜாப் த்ரோக்மார்ட்டனே முதன்மை ஆசிரியர் என்பது இன்று பலரும் ஏற்கும் கருத்து. வேல்ஸ் நாட்டவரான ஜான் பென்ரி அச்சு வேலைகளை முன்னின்று நடத்தியவர். பென்ரி 1593 மே 29 அன்று தூக்கிலிடப்பட்டார் என்பதை வைத்து, மார்பிரலேட்டை எழுதியதற்காகவே அவர் கொல்லப்பட்டார் என்று எழுதும் வழக்கம் ஒன்று உண்டு. அது தவறு, அவர்மீதான வழக்கு வேறு எழுத்துகளை அடிப்படையாகக் கொண்டது.

இனி, செல்வச் செழிப்பு பற்றி. லண்டன் பிஷப் ஜான் எய்ல்மர் ஃபுல்ஹாமில் எல்ம் மரங்களை வெட்டினார், ஞாயிற்றுக்கிழமைகளில் பந்து உருட்டி விளையாடினார் என்றெல்லாம் மார்ட்டின் ஏளனம் செய்வது உண்மைதான். ஆனால் சாயக்காரர்களின் துணி பற்றிய குற்றச்சாட்டைக் கூர்ந்து படியுங்கள். திருடர்கள் களவாடிய துணி பிஷப்பின் நிலத்தில் அகப்பட்டது. உரியவர்கள் வந்து கேட்டபோது, தம் பண்ணை எல்லைக்குள் கிடைத்ததால் அது தமக்கே உரியது என்று அவர் உரிமை கொண்டாடினார் என்பது மார்ட்டினின் புகார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது என்று பிஷப் தரப்பில் விடை வந்தது. என் பார்வையில், பிரசுரம் முழுவதிலும் இதைவிடக் கூரிய இடம் இல்லை. பேராசை பிடித்த ஒரு தனிமனிதரைப் பற்றிய கதையாக அது நின்றுவிடவில்லை. மேய்ப்பனாக இருக்க வேண்டியவரே நிலப்பிரபுவாகவும் இருக்கும்போது, களவு போன பொருளைத் திருப்பிக் கேட்டு வருபவன் யாரிடம் முறையிடுவான் என்பதே அங்கு எழும் கேள்வி. பிரபுக்கள் சபையில் இருக்கை, தேவாலய நீதிமன்றங்கள், அச்சுத் தணிக்கை, பண்ணை உரிமை ஆகியவை ஒரே ஆளிடம் குவிந்திருந்ததையே பியூரிட்டன்கள் எதிர்த்தார்கள். ஆகவே ‘செல்வம்’ என்பதற்குப் பதிலாக ‘பிரபுத்துவம்’ என்று எழுதினால் மூலத்துக்கு நெருக்கமாக இருக்கும்.

அடுத்த தலைமுறைப் பிரசுரங்களுக்குச் செல்லும்போது முகப்பு வரியைப் பற்றிய அணுகுமுறையை மாற்றிக்கொள்ள வேண்டும். அலெக்சாண்டர் லெய்ட்டன் பிஷப் முறைமைக்கு எதிராக எழுதி 1630இல் தண்டனை பெற்ற நூல், உண்மையாகவே ஹாலந்தில் அச்சானது. அங்கிருந்து இத்தகைய நூல்கள் இங்கிலாந்துக்குக் கடத்திவரப்பட்டன. லண்டன் பிஷப் ஜக்ஸன் 1636இல் நாட்டின் கருவூலத் தலைவராகவும் ஆனார். மறு ஆண்டு ஜூனில், பிஷப்புகளைத் தாக்கிப் பிரசுரங்கள் எழுதியதற்காக வில்லியம் பிரின், ஹென்றி பர்ட்டன், ஜான் பாஸ்ட்விக் மூவரின் காதுகளும் அறுக்கப்பட்டன. அந்தப் பிரசுரங்கள் ஏன் அவ்வளவு கோபத்தைக் கிளறின என்பதை அறிய, ஜக்ஸனின் நியமனத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1642 பிப்ரவரியில் பிஷப்புகள் பிரபுக்கள் சபையிலிருந்து சட்டப்படி விலக்கப்பட்டார்கள்.

மொழிபெயர்ப்புக்கு ஒரு சொல். ‘பேராயர்’ என்றால் தென்னிந்தியத் திருச்சபையில் பிஷப், கத்தோலிக்கரிடையே ஆர்ச்பிஷப். குழப்பத்தைத் தவிர்க்க நான் இங்கு ‘பிஷப்’ என்றே எழுதினேன். 1589இல் வந்த மார்ட்டின் பிரசுரம் ஒன்றின் தலைப்பு, பீப்பாய் செய்பவர் தெருவில் வேலை கேட்டுக் கூவும் குரல். நம் ஊரில் ‘பாத்திரத்துக்கு ஈயம் பூசறது’ என்ற குரலைப் போன்றது. பீப்பாய்க்காரருக்கு ஆங்கிலத்தில் ‘கூப்பர்’ என்று பெயர். மார்ட்டினுக்கு மறுப்பு எழுதிய வின்செஸ்டர் பிஷப்பின் பெயரும் தாமஸ் கூப்பர். இந்தச் சிலேடை தமிழில் வராது, அடிக்குறிப்பு போடுங்கள். அதே பிரசுரம் 1642இல் மறுபடியும் அச்சானதால், உங்கள் கையில் உள்ள படி எந்த ஆண்டுக்குரியது என்பதையும் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.