காட்டைக் காக்கக் காசு யார் கொடுப்பது? – வாசகர் கேள்வி பதில்

காடு, விலங்கு, செடி, விதை எல்லாவற்றையும் காக்க உலக நாடுகள் கூடும் பல்லுயிர் மாநாடுகளைப் பற்றிப் போன இதழில் நாலு வரிதான் எழுதியிருந்தேன், அதற்கு இவ்வளவு கடிதம் வந்திருக்கிறது. பணம் சம்பந்தப்பட்ட கேள்விகளை மட்டும் இந்த முறை எடுத்திருக்கிறேன்.

கேள்வி: காட்டையும் விலங்கையும் காப்பாற்றக் கூடுகிறோம் என்கிறார்கள். கடைசியில் ஒவ்வொரு மாநாடும் பணத் தகராறில் வந்து நிற்கிறது. அசிங்கமாக இல்லையா? – கல்லூரி மாணவர், காட்பாடி

பதில்: எனக்கு அசிங்கமாகத் தெரியவில்லை தம்பி. பேச வேண்டிய விஷயமே அதுதான். 1992-ல் பிரேசிலின் ரியோ நகரத்தில், இந்த மாநாடுகளுக்கு அடிப்படையான பல்லுயிர் உடன்படிக்கை பிறந்தபோதே கொடுக்கல் வாங்கல் பேசித்தான் கையெழுத்துப் போட்டார்கள். காடும் மூலிகையும் நாட்டு விதையும் பெரும்பாலும் நம்மைப் போன்ற தெற்கு நாடுகளில் இருக்கின்றன, அவற்றை வைத்து மருந்தும் விதையும் செய்து சம்பாதிக்கிற பெரிய கம்பெனிகள் பலவும் வடக்கில் இருக்கின்றன. நீங்கள் காப்பாற்றுங்கள், அதனால் ஆகும் கூடுதல் செலவுக்கு நாங்கள் பணம் தருகிறோம், லாபத்திலும் பங்கு உண்டு என்பதுதான் அன்றைக்குப் பேச்சு. உடன்படிக்கையின் 20-ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது: வளரும் நாடுகள் எந்த அளவுக்குச் செய்து முடிப்பார்கள் என்பது, வளர்ந்த நாடுகள் பணமும் தொழில்நுட்பமும் தருவதைப் பொறுத்தது. எழுதிக் கொடுத்ததைத்தான் கேட்கிறோம்.

வேலூர்க்காரர்களுக்கு இது புதிதும் இல்லை. பாலாற்றை நாசமாக்கிய தோல் கழிவு வழக்கில், கெடுத்தவர்தான் ஈடு கட்ட வேண்டும், கெட்ட நிலத்தைச் சரிசெய்யும் செலவையும் அவரே ஏற்க வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் போட்ட அந்த வழக்கை இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் நாடு முழுக்கப் படிக்கிறார்கள். உலக மேடையில் ஏழை நாடுகள் கேட்பதும் கிட்டத்தட்ட அதே நியாயம்தான். ஆனால் அங்கே உத்தரவு போட ஒரு உச்ச நீதிமன்றம் கிடையாது.

சரி, கணக்குக்கு வருவோம். 2022 டிசம்பரில் இதே உடன்படிக்கையின் கீழ் கனடாவின் மாண்ட்ரீலில் போட்ட ஒப்பந்தத்தில், 2030-க்குள் நிலத்திலும் கடலிலும் 30 சதவீதத்தைப் பாதுகாப்போம் என்ற வரியைத்தான் பேப்பர்கள் பெரிதாகப் போட்டன. அதே ஒப்பந்தத்தில், இயற்கையைக் காக்க வருஷத்துக்கு 70,000 கோடி டாலர் பற்றாக்குறை இருக்கிறது என்றும், 2030-க்குள் எல்லா வழியிலுமாக வருஷத்துக்கு 20,000 கோடி டாலர் திரட்டுவோம் என்றும் இருக்கிறது. அதில் வெளியிலிருந்து வளரும் நாடுகளுக்கு வர வேண்டியது 2025-க்குள் வருஷத்துக்கு 2,000 கோடி, 2030-க்குள் 3,000 கோடி டாலர். பற்றாக்குறைக்கும் வாக்குறுதிக்கும் உள்ள தூரத்தை நீங்களே பாருங்கள்.

பணத்தின் சாவி யார் கையில் என்பது அடுத்த சண்டை. வாஷிங்டனில் இருக்கும் ஜி.இ.எஃப். என்ற சுற்றுச்சூழல் நிதியம் வழியாகத்தான் உடன்படிக்கையின் பணம் வருகிறது. பெரும்பாலும் ஒத்த கருத்தோடு முடிவெடுப்பார்கள். வாக்கெடுப்பு என்று வந்தால் மட்டும், நாடுகளில் 60 சதவீதம் ஆதரவு இருந்தால் போதாது, போட்ட பணத்திலும் 60 சதவீதம் ஆதரவு வேண்டும். பணம் போட்டவர் சொல்லுக்கு எடை கூட. அதனால்தான் ஆப்பிரிக்க நாடுகளும் பிரேசிலும் இந்தியாவும் பல்லுயிருக்கென்று தனி நிதியம் கேட்டன. மாண்ட்ரீலில் கடைசி நேரத்தில் காங்கோ ஜனநாயகக் குடியரசின் பிரதிநிதி எழுந்து, தனி நிதியம் இல்லாத இந்த ஒப்பந்தத்தை ஆதரிக்க முடியாது என்றார், தலைமை வகித்த சீன அமைச்சர் அதைத் தாண்டி, ஒப்பந்தம் நிறைவேறியது என்று சுத்தியலைத் தட்டிவிட்டார். உலகத்தின் பெரிய மழைக்காடுகளில் ஒன்றை வைத்திருக்கிற நாட்டுக்கு அப்படிச் செய்தது சரியில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். 2024-ல் கொலம்பியாவின் காலி நகரத்தில் இதே பேச்சு விடிய விடிய இழுத்தது. பலர் விமானம் பிடிக்கக் கிளம்பிவிட, போதிய ஆள் இல்லாமல் கூட்டமே பாதியில் நின்றது. 2025 பிப்ரவரியில் ரோமில் மறுபடி கூடி, பணத்துக்கான நிரந்தர ஏற்பாட்டை 2030-க்குள் செய்வோம் என்று முடித்தார்கள்.

கேள்வி: அமெரிக்கா எவ்வளவு தருகிறது? – வாசகர், ஆம்பூர்

பதில்: அமெரிக்கா இந்த உடன்படிக்கையிலேயே உறுப்பினர் இல்லை. 1993-ல் கையெழுத்துப் போட்டார்கள், அவர்கள் செனட் ஒப்புதல் தரவில்லை. 196 தரப்புகள் உள்ளே இருக்க, அவர்கள் வெளியே. ஆனால் ஜி.இ.எஃப். நிதியத்துக்குப் பணம் போட்டு வந்த நாடுகளில் அமெரிக்காவும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: இயற்கையைக் கெடுக்கும் மானியத்தை நிறுத்துவார்கள் என்று படித்தேன். எங்கள் இலவச கரண்ட்டும் உர மானியமும் போய்விடுமா? – விவசாயி, ஆற்காடு

பதில்: பயப்படாதீர்கள் ஐயா. இயற்கைக்குக் கேடு செய்யும் மானியங்களை 2030-க்குள் உலகம் முழுக்கச் சேர்த்து வருஷத்துக்கு 50,000 கோடி டாலர் அளவுக்குக் குறைப்போம் என்பது உண்மை. அது உலகத்துக்கான மொத்த இலக்கு. எந்த மானியத்தை எப்படி மாற்றுவது என்பதை அந்தந்த நாடு முடிவு செய்யும், அதையும் நியாயமான முறையில் செய்ய வேண்டும் என்று அதே வரியில் இருக்கிறது. ஏழை விவசாயியின் வாழ்க்கையே மானியத்தில் நிற்கும் நாட்டில் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வைக்கக் கூடாது என்று இந்தியா வாதாடியது, அதோடு எனக்கு உடன்பாடுதான். ஆனாலும் ஒன்று கேட்கிறேன். பாலாற்றங்கரைக் கிணறுகள் உங்கள் அப்பா காலத்தில் எத்தனை அடியில் இருந்தன, இப்போது போர்வெல் எத்தனை அடி போகிறது? அந்தக் கணக்கை நமக்காகவாவது நாம் பேச வேண்டும்.

கேள்வி: நாங்கள் ஜவ்வாது மலையில் கடுக்காயும் தேனும் புளியும் எடுத்துப் பிழைக்கிறோம். இந்தக் கோடிகளில் ஒரு ரூபாயாவது மலைக்கு ஏறி வருமா? – ஜமுனாமரத்தூர் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி

பதில்: வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாத கேள்வி இதுதான் அம்மா. வழி இருக்கிறது, ஆனால் தானாக வராது. உலக உடன்படிக்கைக்காகத்தான் நம் நாடு 2002-ல் பல்லுயிர்ச் சட்டம் போட்டது. அதற்கான தேசிய பல்லுயிர் ஆணையம் இருப்பது டெல்லியில் இல்லை, சென்னை தரமணியில். மலையிலிருந்து எடுக்கும் பொருளை வைத்து வியாபாரம் செய்யும் கம்பெனி, பலனில் ஒரு பங்கைக் கட்ட வேண்டும் என்பது அந்தச் சட்டம். பொதுவாக அது விற்பனையில் ஒரு சதவீதத்துக்கும் கீழேதான் வரும், செம்மரம் மாதிரி விலை உயர்ந்த மரங்களுக்கு ஏலத் தொகையில் 5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. அப்படி வந்த செம்மரப் பணத்திலிருந்து திருவள்ளூர் மாவட்ட விவசாயிகள் சிலருக்கு ஆணையம் தொகை கொடுத்திருக்கிறது.

செம்மரம் என்று எழுதும்போதே மனசு கனக்கிறது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி ஆந்திராவின் சேஷாசலம் காட்டில் போலீஸ் சுட்டுக் கொன்ற 20 பேரில் உங்கள் மலைக்காரர்களும் இருந்தார்கள். கூலிக்கு மரம் வெட்டப் போனவர்களுக்குத் துப்பாக்கிக் குண்டு, மரத்துக்கோ சர்வதேச ஏலம். காட்டோரத்து மக்களுக்கு ஒழுங்கான வருமானம் இருந்திருந்தால் அவர்கள் ஏன் மலை இறங்கி அங்கே போகிறார்கள்? பல்லுயிர் நிதி என்று நான் மூச்சுப் பிடித்துப் பேசுவது இதற்காகத்தான்.

அப்புறம், 2023-ல் சட்டத்தைத் திருத்தியதில் எனக்கு வருத்தம் உண்டு. ஏட்டில் ஏறிய மருத்துவ அறிவைப் பயன்படுத்தினால் பங்கு கொடுக்கத் தேவையில்லை என்று விலக்கு வைத்துவிட்டார்கள். சித்த மருத்துவ நூல்களில் இல்லாத மூலிகை எத்தனை இருக்கும், சொல்லுங்கள். உங்கள் பாட்டி சொன்ன பக்குவம் ஏட்டிலும் இருந்துவிட்டால், கேட்கும் பிடி தளர்ந்துபோகிறது.

கேள்வி: எங்கள் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்குப் புவிசார் குறியீடு வாங்கியாகிவிட்டது. இனி அந்நியக் கம்பெனி யாரும் எடுக்க முடியாதுதானே? – வாசகர், அணைக்கட்டு

பதில்: பெயரைத்தான் எடுக்க முடியாது. குறியீடு காப்பது பெயரை, விதைக்குள் இருக்கும் மரபணுவை அல்ல. கர்நாடகத்தில் உள்ளூர்க் கத்தரி ரகங்களை அனுமதி வாங்காமல் பி.டி. கத்தரி என்ற மரபணு மாற்றிய கத்தரி உருவாக்க எடுத்துக்கொண்டார்கள் என்று வழக்கே நடந்தது. இன்றைக்கு விதையைக் கப்பலேற்றக்கூட வேண்டியதில்லை. மரபணு வரிசையைக் கணினியில் ஏற்றிவிட்டால் உலகத்தில் எவரும் எடுத்து ஆராயலாம். அதற்காகத்தான், முன்னே சொன்ன கொலம்பிய நகரத்தின் பெயரில் 'காலி நிதி' என்று ஒன்றை 2025 பிப்ரவரியில் தொடங்கினார்கள். இப்படிப்பட்ட தகவலை வைத்துச் சம்பாதிக்கும் பெரிய மருந்து, விதை, அழகுசாதன நிறுவனங்கள் லாபத்தில் 1 சதவீதமோ வருமானத்தில் 0.1 சதவீதமோ போட வேண்டும், அதில் பாதிக்குக் குறையாமல் பழங்குடிகளுக்கும் உள்ளூர் மக்களுக்கும் போக வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் கட்டாயம் எதுவும் இல்லை, போடாத கம்பெனியை யாரும் தண்டிக்க முடியாது.

ஊரில் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு இருக்க வேண்டும், அது மக்கள் பல்லுயிர் பதிவேடு எழுதி வைக்க வேண்டும் என்பது சட்டம். அடுத்த கிராம சபையில் அந்தப் பதிவேட்டைக் கொண்டுவந்து காட்டச் சொல்லுங்கள். முள்ளுக் கத்தரி அதில் இருக்கிறதா, விதை எடுத்து வைக்கிறவர்கள் யார் யார் என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். ஜமுனாமரத்தூர் சகோதரிக்கும் சேர்த்தே சொல்கிறேன், கடுக்காயையும் தேனையும் அப்படியே தேடுங்கள். இல்லையென்றால் அன்றைக்கே எழுதச் சொல்லிவிட்டு எனக்கு ஒரு கார்டு போடுங்கள்.