பள்ளிப் பேருந்தில் சாய்ந்த சக்கர நாற்காலி: 'தவறி விழுந்தான்' என்று கையெழுத்துப் போடாதீர்கள்

கேள்வி: என் மகனுக்கு 9 வயது. பெருமூளை வாதம் உள்ளவன், சக்கர நாற்காலியில்தான் பள்ளிக்குப் போகிறான். நான்கு மாதத்துக்கு முன் பள்ளிப் பேருந்து திடீரென பிரேக் போட்டபோது நாற்காலியோடு சாய்ந்து விழுந்து, இடது தொடை எலும்பு முறிந்துவிட்டது. அன்று பேருந்தில் உதவியாளர் இல்லை. பள்ளி ஊழியர்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். "உங்கள் நாற்காலி பெல்ட்தான் சரியில்லை. சொந்தப் பொறுப்பில் அனுப்புகிறோம் என்று நீங்களே எழுதிக் கொடுத்தீர்களே" என்று முதல்வர் மற்ற பெற்றோர் முன்னால் அவமானப்படுத்தினார். இப்போது, "தவறி விழுந்தான், புகார் இல்லை" என்று கையெழுத்துப் போட்டால் ஆஸ்பத்திரிச் செலவைத் தருவதாகச் சொல்கிறார்கள். பள்ளியின் அங்கீகாரத்தை ரத்து செய்ய வைக்க முடியுமா?

பதில்: அங்கீகாரம், அவமானம் இரண்டையும் இப்போதைக்கு மறந்துவிடுங்கள். அவற்றால் உங்கள் மகனுக்கு ஒரு ரூபாய்கூட வராது. வழக்குக்கு வேண்டிய விவரம் ஒன்றுதான்: அவன் நாற்காலியோடு சேர்ந்து சாய்ந்தான்.

நாற்காலியின் சட்டகத்தில் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு பட்டைகளை மாட்டி, பேருந்துத் தரையில் உள்ள கொக்கிகளில் இறுக்கியிருந்தால், பிரேக் போட்டதற்கெல்லாம் நாற்காலி சாயாது. சாய்ந்தது என்றால் கட்டவே இல்லை, அல்லது சக்கரத்திலோ கால்மிதியிலோ மாட்டியிருக்கிறார்கள். இரண்டுமே பேருந்துத் தரப்பின் கவனக்குறைவு. நாற்காலியில் இருக்கும் இடுப்பு பெல்ட் குழந்தை நிமிர்ந்து உட்காருவதற்கானது. வண்டியின் வேகத்தைத் தாங்குவதற்கு அல்ல. அதற்குப் பேருந்தில் தனியாக இடுப்பு, தோள் பெல்ட் வேண்டும். நாற்காலி அசையாமல் நின்று, பையன் மட்டும் சரிந்து விழுந்திருந்தால் முதல்வர் சொல்லும் பெல்ட் வாதத்துக்குக் கொஞ்சம் இடமிருக்கும். இங்கே இல்லை. சொந்தப் பொறுப்புக் கடிதத்துக்கும் பயப்படாதீர்கள். மைனரின் இழப்பீட்டு உரிமையைப் பெற்றோர் எழுதிக் கொடுத்துவிட முடியாது.

பயப்பட வேண்டியது இப்போது நீட்டப்படும் தாளுக்கு. பேருந்து பள்ளியின் பெயரில் இருந்து, அதன் காப்பீட்டு பாலிசியும் நடப்பில் இருந்தால், இழப்பீடு தர வேண்டியது காப்பீட்டு நிறுவனம். பள்ளி கையிலிருந்து தரும் தொகைக்காக "தவறி விழுந்தான்" என்று எழுதிவிட்டால், அது மோட்டார் வாகன விபத்தே அல்ல என்று வாதிட நீங்களே ஆதாரம் கொடுத்ததாகிவிடும். நீதிமன்ற அனுமதி இல்லாமல் மைனர் சார்பில் செய்த சமரசத்தைப் பிறகு ரத்து செய்ய வழி உண்டு. ஆனால் நடந்ததைப் பற்றி நீங்கள் எழுதிய வாக்கியம் சாட்சியமாக நிற்கும். குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான். இப்படிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிற பெற்றோரின் வழக்கை நிமிர்த்துவது மிகவும் கஷ்டம்.

அந்த வாக்கியம் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் பதிவாகியிருக்கவும் வாய்ப்பு இருக்கிறது. பள்ளி ஊழியர் கூட்டிப்போனார் என்கிறீர்கள். விபத்துப் பதிவேட்டில், அதாவது ஏ.ஆர். காப்பியில், யார் கொண்டுவந்தார், எப்படி அடிபட்டது என்று அவர் சொன்னதைத்தான் மருத்துவர் எழுதியிருப்பார். நாளைக்கே அதன் நகலை வாங்குங்கள். "பள்ளியில் வழுக்கி விழுந்தார்" என்று இருந்தால், சொன்னது யார், நீங்கள் எத்தனை மணிக்கு வந்து சேர்ந்தீர்கள் என்பதைப் போலீஸ் புகாரிலேயே எழுதிவிடுங்கள். புகாரைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் எஃப்.ஐ.ஆர். பதிவாகும்வரை விடாதீர்கள். தாமதத்தை நினைத்துத் தயங்க வேண்டாம். எஃப்.ஐ.ஆர். தாமதம் ஒன்றுக்காகவே இழப்பீட்டை மறுக்கக் கூடாது என்று ரவி எதிர் பத்ரிநாராயண் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2011-லேயே சொல்லிவிட்டது. உதவியாளர் வருகைப் பதிவேடு, பேருந்தில் கேமரா இருந்தால் அதன் பதிவு, இரண்டையும் பாதுகாத்து வைக்கும்படி பள்ளிக்கு உடனே நோட்டீஸ் கொடுங்கள். பள்ளிப் பேருந்தில் உதவியாளர் இருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டின் 2012 சிறப்பு விதிகளிலேயே உள்ளது.

கெடு நெருங்குகிறது. 2022 ஏப்ரல் 1 முதல், மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் இழப்பீடு கேட்கும் மனுவை (மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 166) விபத்து நடந்த 6 மாதத்துக்குள் தாக்கல் செய்ய வேண்டும். இந்தக் கெடுவை எதிர்த்து வழக்குகள் போடப்பட்டிருக்கின்றன; அதை நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள். உங்களுக்கு மிச்சம் இரண்டு மாதம்தான். இடையில் காப்பீட்டு நிறுவனத்தின் ஆள் வந்து, யார் தவறு என்ற கேள்வியே இல்லாமல் பிரிவு 164-இன் கீழ் 2.5 லட்சம் தருகிறோம் என்பார். கொடுங்காயத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் தொகை அது. 149-ஆம் பிரிவின் நடைமுறைப்படி அதை ஏற்றுக்கொண்டால் உங்கள் 166 மனு அதோடு காலாவதி.

உங்கள் மகனைப் போன்ற குழந்தைகளின் வழக்கு பெரும்பாலும் அடிபடும் இடம் வேறு. ஏற்கெனவே உள்ள ஊனச் சான்றிதழைக் காட்டி, "இந்தக் குறைபாடு விபத்துக்கு முன்பே இருந்தது" என்பார்கள். விபத்துக்கு முன் அவனால் என்ன முடிந்தது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். வாக்கரைப் பிடித்து நின்றானா, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருவர் துணையோடு மாறினானா, இப்போது இருவர் தூக்க வேண்டியிருக்கிறதா? பிசியோதெரபி நோட்டு, தேதியுள்ள வீடியோ, பள்ளியின் சிறப்பு ஆசிரியர் எழுதிய குறிப்பு எல்லாவற்றையும் சேகரியுங்கள். மருத்துவக் குழு தரும் சான்றில் பழைய ஊனத்தையும் இந்த எலும்பு முறிவால் கூடியதையும் தனித்தனியாகக் குறிப்பிடச் சொல்லுங்கள். ஒரே சதவீதமாகப் போட்டுக் கொடுத்தால், கூடியது எவ்வளவு என்று பிரித்துக் காட்டத் தீர்ப்பாயத்திடம் எதுவும் இருக்காது.

மனுவைத் தாக்கல் செய்த பிறகு, வெளிப்படையாகச் சொல்கிறேன், சமரசத்துக்குத் தயாராக இருங்கள். மக்கள் நீதிமன்றத்தில் காப்பீட்டு நிறுவனத்தோடு, மைனருக்கான அனுமதி பெற்றுப் பேசுங்கள். அவன் பங்குத் தொகை பொதுவாக 18 வயதுவரை வங்கி வைப்பில் இருக்கும். சிகிச்சைக்குத் தேவை என்று மனு போட்டு எடுக்கலாம்.

பள்ளியோடு சண்டையை நீட்டாதீர்கள். பிள்ளை அங்கேதான் படிக்கப் போகிறான். உங்கள் மனு ஜெயித்தால் பொதுவாகப் பணம் போவது காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து என்பதை முதல்வருக்குப் புரியவைத்தாலே பாதி எதிர்ப்பு அடங்கிவிடும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவு, போக்குவரத்து வசதியையும், அதிக உதவி தேவைப்படும் பிள்ளையின் துணையாளுக்கான போக்குவரத்தையும் பேசுகிறது. அதைக் குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள்: முன்னோக்கிய இடம், நான்கு பட்டை, தனி தோள் பெல்ட், உதவியாளர் லீவு போடும் நாளில் மாற்று ஆள். இதற்குப் பள்ளி கடிதத்தில் பதில் தரும்வரை அவனை அந்தப் பேருந்தில் ஏற்றாதீர்கள்.